ஒரே ஊர், இரண்டு எஜமானர்: ஜெர்மன் பிரபுக்களின் பங்காளி ஆட்சி

பழைய ஜெர்மன் வரைபடங்களில் சில குட்டிப் பகுதிகளுக்கு மட்டும் இரண்டு வண்ணத்தில் பட்டை போட்டிருக்கிறதே, அவற்றை அக்கம்பக்கத்துப் பிரபுக் குடும்பங்கள் இரண்டு சேர்ந்து ஆண்டதாகக் குறிப்பு இருக்கிறதே, ஒரே ஊரை இரண்டு பேர் எப்படி ஆண்டார்கள், வரி யாருக்குப் போனது, வழக்கை யார் தீர்த்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முதன்முதலில் அந்தப் பட்டைகளைப் பார்த்தபோது அச்சுப்பிழை என்றுதான் நானும் நினைத்தேன். பிழை இல்லை. சில இடங்களில் முந்நூறு வருடத்துக்கு மேல் அப்படித்தான் நடந்திருக்கிறது.

இது புரிய வேண்டுமானால் 'நாடு' என்ற இன்றைய எண்ணத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட வேண்டும். அன்றைய புனித ரோமானியப் பேரரசில் (ஜெர்மன் பிரபுக்களையெல்லாம் ஒரு பேரரசரின் கீழ் வைத்திருந்த அமைப்பு) ஒரு பிரபுவுக்கு ஓர் ஊர் 'சொந்தம்' என்றால், அங்கே அவருக்குப் பலவித உரிமைகள் இருந்தன என்று பொருள். கொலைக் குற்றத்தை விசாரிக்கும் உரிமை தனி, சில்லறைத் தகராறைத் தீர்க்கும் உரிமை தனி. விளைச்சலில் பத்தில் ஒன்றை எடுப்பது, ஆற்றில் சுங்கம் வாங்குவது, காட்டில் வேட்டையாடுவது, மாவு அரைக்கும் ஆலையை நடத்துவது, தேவாலயத்துக்குப் பாதிரியாரை நியமிப்பது எல்லாம் தனித்தனி உருப்படிகள். ஒவ்வொன்றையும் விற்கலாம், அடமானம் வைக்கலாம், பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கலாம். ஆக, ஆட்சி என்பது பெரும்பாலும் குடும்பச் சொத்து. குடும்பச் சொத்து என்று வந்துவிட்டால் பங்காளிகளும் வந்துவிடுவார்கள். ஜெர்மன் மொழியிலேயே இதற்குக் கச்சிதமான ஒரு சொல் உண்டு: கானெர்பே. பிரிக்காத சொத்துக்குச் சேர்ந்து வாரிசானவன் என்று அர்த்தம். நம் 'பங்காளி'யைத் தவிர வேறு சொல் அதற்குப் பொருந்தாது.

சரி, பேசாமல் பாகம் பிரித்துக்கொண்டு போயிருக்கலாமே? பல குடும்பங்கள் பிரித்துக்கொண்டன. பிரிக்காமல் விட்டவர்களுக்கு வலுவான காரணங்கள் இருந்தன. நிலமானியச் சட்டப்படி, பேரரசரிடமிருந்து ஒரு பகுதியைக் 'கூட்டுக் கையாக'ப் பெற்றவர்கள் பொதுவில் வைத்திருக்கும்வரை, ஒரு கிளையில் ஆண் வாரிசு அற்றுப்போனால் மற்ற கிளை அதை எடுத்துக்கொள்ளும். முழுசாகப் பிரித்துவிட்டால் அந்தப் பாத்தியதை போய்விடும், பேரரசர் அந்தப் பாகத்தைத் திரும்ப எடுத்து வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம். அதனால் வழக்கறிஞர்கள் ஒரு நடுவழியைக் கண்டுபிடித்தார்கள். உரிமை பொதுவிலேயே இருக்கும், அனுபோகம் மட்டும் பிரிவினை. நீ இந்த ஊர்களின் வரவை எடுத்துக்கொள், நான் அந்த ஊர்களின் வரவை எடுத்துக்கொள்கிறேன், பத்திரத்தில் மட்டும் இருவர் பெயரும் இருக்கட்டும் என்கிற ஏற்பாடு. முட்ஷீருங் என்று இதற்குப் பெயர்.

எனக்குப் பிடித்த உதாரணம் ஸ்போன்ஹைம். மோசெல் ஆற்றங்கரையிலும் ஹூன்ஸ்ரூக் மலைமேட்டிலும் பரவிக் கிடந்த ஒரு கோமகனகம், அதாவது ஒரு பிரபுவின் ஆட்சிப் பகுதி அது. அதன் கடைசிப் பிரபு ஐந்தாம் யோஹானுக்குப் பிள்ளையில்லை. அவருடைய அத்தைகளில் ஒருத்தியை பாடன் குடும்பத்திலும் இன்னொருத்தியை ஃபெல்டென்ஸ் குடும்பத்திலும் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஆக இரண்டு பக்கமும் அத்தை வழி வாரிசுகள். யோஹான் உயிரோடிருக்கும்போதே, 1425-ல், அல்சாஸ் பகுதியில் உள்ள பைன்ஹைமில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். கோமகனகத்தைப் பிரிக்கக் கூடாது, இரண்டு வீடும் சேர்ந்து ஆள வேண்டும், அதிகாரிகளும் குடிமக்களும் இருவருக்கும் விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும். யோஹான் 1437-ல் கண்ணை மூடினார். அன்று தொடங்கிய கூட்டாட்சி, அவருடைய சொந்தப் பாகமான 'பின் ஸ்போன்ஹைமில்' (கோமகனகம் முன், பின் என்று இரண்டு பாகமாக இருந்தது) 1776 வரை நீடித்தது. 339 வருடம்! அதற்கிடையில் ஃபெல்டென்ஸ் குடும்பமே ஆண் வாரிசில்லாமல் 1444-ல் முடிந்து, அந்தப் பங்கு பெண் வழியாக ஃபால்ட்ஸ் வம்சத்துக்குப் போனது. பங்காளி மாறினான், பங்கு மாறவில்லை.

ட்ரார்பாக் அந்தக் கோமகனகத்தின் முக்கியமான ஊர். திராட்சைத் தோட்டங்களுக்குக் கீழே, ஆற்றை ஒட்டிய சிறு நகரம், மேலே கிரேவன்புர்க் கோட்டை. அங்கே உட்கார்ந்திருந்த அதிகாரியின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அவருக்கு எஜமானர்கள் இரண்டு பேர். ஒருவர் தெற்கே பாடனில், இன்னொருவர் ஃபால்ட்ஸ் பக்கம் எங்கோ. ஒரு பாலத்தைப் பழுது பார்ப்பதானாலும் இரண்டு அரண்மனைகளுக்குக் கடிதம் போக வேண்டும், இரண்டு இடத்திலிருந்தும் சம்மதம் வர வேண்டும். ஒருவர் சம்மதித்து மற்றவர் மௌனமாக இருந்தால் பாலம் அப்படியே கிடக்கும். தங்களுக்குள் தீராத தகராறு பேரரசின் உச்ச நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே வழக்குகள் தலைமுறை கணக்கில் ஓடியது ஊரறிந்த சங்கதி.

இதே பகுதியில் 'மூன்று பிரபு நாடு' என்று சொல்லப்பட்ட இடங்களும் உண்டு. பெல்ட்ஹைம் நீதிமன்ற வட்டாரம் அவற்றில் ஒன்று. ட்ரியர் பேராயர், ஸ்போன்ஹைம், பிறகு மெட்டர்னிஹ் குடும்பம் (பின்னாளில் ஆஸ்திரிய அமைச்சராக ஐரோப்பாவை ஆட்டிவைத்தவரின் குடும்பம்தான்) ஆகியோர் பங்குதாரர்கள். ஆனால் ஸ்போன்ஹைம் என்பதே இரண்டு வீட்டின் கூட்டுச் சொத்தாயிற்றே! ஆக மூன்று பிரபுக்கள் என்று பெயர், தலைகளை எண்ணினால் நாலு.

ஸ்போன்ஹைமை விடுவதற்கு முன் ஒரு கிளைக்கதை. ஃபால்ட்ஸ் வம்சத்தின் ஓர் இளைய மகன் கார்லுக்கு 16-ம் நூற்றாண்டில் பங்காகக் கிடைத்தது இந்தக் கூட்டுச் சொத்தின் தங்கள் பாகம்தான். அவர் பிர்கன்ஃபெல்ட் என்ற சிற்றூரில் குடியேறினார். அரை கோமகனகத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளிய அந்தக் கிளைதான், மூத்த கிளைகள் ஒவ்வொன்றாக அற்றுப்போக, 1806-ல் பவேரியாவின் அரச வம்சமானது.

நிலத்தையாவது வருமானக் கணக்கில் பிரிக்கலாம். கோட்டையை என்ன செய்வது? மோசெல் பக்கத்துக் காட்டுக்குள் இருக்கும் எல்ட்ஸ் கோட்டை இதற்கு நல்ல சாட்சி. 1960-களில் வந்த 500 மார்க் நோட்டின் பின்பக்கத்தில் இருந்தது அந்தக் கோட்டைதான். 1268-ல் எலியாஸ், வில்ஹெல்ம், தியோடெரிஹ் என்ற மூன்று சகோதரர்கள் பாகம் பிரித்தார்கள், ஆனால் கோட்டையை விட்டு யாரும் போகவில்லை. தங்கச் சிங்கம், வெள்ளிச் சிங்கம், எருமைக்கொம்பு என்று கேடயச் சின்னத்தை வைத்து மூன்று கிளைகளை அடையாளம் சொன்னார்கள். ஒரே முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு கிளையும் தனக்கென்று வீடு எழுப்பிக்கொண்டது. இடம் குறுகல், அதனால் எல்லாம் உயரத்தில் வளர்ந்தது. இன்று படத்தில் பார்த்தால் தேவதைக் கதைக் கோட்டை போலத் தெரிகிற அந்தக் கோபுரக் கூட்டம், உள்ளபடி சொன்னால், பங்காளிகள் மாடிமேல் மாடி கட்டியதன் விளைவு.

அங்கே மூன்று குடும்பமும் கூடிப் பேசும் பொது மண்டபம் ஒன்று இருக்கிறது. சுவரில் விதூஷகன் முகங்கள். இங்கே யாரும் எதையும் பயமில்லாமல் பேசலாம் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். வெளியே போகும் கதவுக்கு மேலே ஒரு ரோஜா செதுக்கியிருக்கிறது. உள்ளே பேசியது உள்ளேயே இருக்கட்டும் என்பதற்கு அடையாளம். பங்காளிச் சண்டையைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு.

இப்படிக் கோட்டையைப் பொதுவில் வைத்திருந்தவர்கள் எழுதிக்கொண்ட உடன்படிக்கைக்கு புர்க்ஃப்ரீடன் என்று பெயர், அதாவது கோட்டை அமைதி. கோட்டையைச் சுற்றிக் குறிப்பிட்ட எல்லைக்குள் ஒருவர் மேல் ஒருவர் ஆயுதம் தூக்கக் கூடாது. வெளியே ஒருவனோடு பகை இருந்தால் அதை உள்ளே கொண்டுவரக் கூடாது. வாயிற்காவலன் கூலி, கோபுரக் காவல், கிணறு, கூரை ஆகியவற்றின் செலவில் எல்லோருக்கும் பங்கு. தன் பாகத்தை விற்பவன் முதலில் பங்காளிகளிடம்தான் கேட்க வேண்டும். மராமத்தைக் கவனிக்கத் தங்களுக்குள்ளேயே ஒருவரைத் தேர்ந்தெடுப்பதும் உண்டு. இன்றைய அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் விதிகளைப் படிப்பதுபோல இருக்கும், வாள் மட்டும்தான் கூடுதல். இந்தச் சொல் பிறகு அரசியலுக்குள் போனது. 1914-ல் போர் வெடித்தபோது ஜெர்மன் கட்சிகள் தங்கள் சண்டையை நிறுத்திவைத்ததற்கும் புர்க்ஃப்ரீடன் என்றுதான் பெயர்.

சுரங்கத்தையும் கோட்டையைப் போலவே அறுத்துக் கொடுக்க முடியாது. வடக்கு ஜெர்மனியை ஆண்ட வெல்ஃப் வம்சத்தில் ஒரு கிளை 1634-ல் அற்றுப்போய், மறுவருடம் உறவினர்கள் நிலங்களைப் பங்கிட்டபோது, ஹார்ட்ஸ் மலையின் வெள்ளிச் சுரங்கப் பகுதியை மட்டும் பொதுவில் விட்டார்கள். கொம்யூனியன் ஹார்ட்ஸ் என்று அதற்கே பெயர் வந்துவிட்டது. ஸெல்லர்ஃபெல்டில் பொது நாணயச்சாலை நடந்தது. கிளைகள் இணைந்து பிரிந்து கடைசியில் ஹானோவருக்கு ஏழில் நாலு, பிரவுன்ஷ்வைக்குக்கு ஏழில் மூன்று என்று பங்கு நிலைத்தது. 1788-ல் நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள், ஆனாலும் கோஸ்லர் நகரை ஒட்டிய ராம்மெல்ஸ்பெர்க் சுரங்கம் அதே 4/7, 3/7 கணக்கில் பொதுவிலேயே தொடர்ந்தது. 1866-ல் பிரஷ்யா ஹானோவரை விழுங்கியபோது அந்த ஏழில் நாலையும் சேர்த்துத்தான் விழுங்கியது. பிரபுக்கள் போய் 20-ம் நூற்றாண்டில் கம்பெனிகள் வந்த பிறகும் இந்தப் பின்னம் மாறவில்லை. சுரங்கத்தை 1988-ல் மூடினார்கள், 1992-லிருந்து அது உலகப் பாரம்பரியச் சின்னம்.

பின்னம் என்றதும் ஹென்னபெர்க் ஞாபகம் வருகிறது. அந்தக் குடும்பம் 1583-ல் முடிந்ததும் சாக்ஸனியின் இரண்டு கிளைகள் அதை 5/12, 7/12 என்று வைத்துக்கொண்டு 1660 வரை கூட்டாக நிர்வகித்தன. வரி வசூலில் ஒவ்வொரு காசையும் பன்னிரண்டாகப் போட்ட குமாஸ்தாக்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

வரியை எப்படியாவது வகுத்துவிடலாம். உண்மையான சிக்கல் மதத்தில் வந்தது. 1555-ல் ஆக்ஸ்பர்கில் செய்த சமாதானத்தின் சாரம், ஆள்பவனின் மதமே குடிகளின் மதம் என்பது. ஆள்பவர்கள் இரண்டு பேராக இருந்து, ஒருவர் கத்தோலிக்கர், மற்றவர் சீர்திருத்தத் திருச்சபைக்கு மாறிய லூதரன் என்றால்? ஷ்மால்கால்டன் நகரத்தில் இந்த வேடிக்கை அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. 1360-லிருந்து அது பாதி ஹெஸ்ஸே, பாதி ஹென்னபெர்க். 1531-ல் சீர்திருத்தத் திருச்சபைப் பிரபுக்கள் பேரரசருக்கு எதிராகக் கூட்டணி அமைத்த இடம் இதுதான், கூட்டணிக்கும் ஊரின் பெயரே வந்தது. கூட்டணித் தலைவர்களில் ஒருவர் ஊரின் ஒரு எஜமானரான ஹெஸ்ஸேயின் ஃபிலிப். ஊரின் இன்னொரு எஜமானரான ஹென்னபெர்க் பிரபு அன்றைக்கும் கத்தோலிக்கர், 1540-களில்தான் மாறினார். அதாவது ஐரோப்பாவை உலுக்கிய சீர்திருத்தக் கூட்டணி, பாதி கத்தோலிக்கருக்குச் சொந்தமான ஊரில் கூடியது.

மைன் நதிப் பக்கத்து ஃப்ரைகெரிஷ்டில் கதை எதிர்த்திசையில் போனது. 1500-ல் பேரரசர் மாக்ஸிமிலியன் அந்தப் பகுதியை மைன்ஸ் பேராயருக்கும் ஹனாவ் பிரபுவுக்கும் சேர்த்துக் கொடுத்தார். ஹனாவ் குடும்பம் சீர்திருத்தத்துக்கு மாறியது, தன் மற்ற ஊர்களை எல்லாம் மாற்றியது, இங்கே மட்டும் முடியவில்லை. பாதிக்குச் சொந்தக்காரர் பேராயர் ஆயிற்றே! மக்கள் கத்தோலிக்கராகவே இருந்துவிட்டார்கள். 1736-ல் ஹனாவ் வம்சம் முடிந்து, ஹெஸ்ஸே-காஸலுக்கும் மைன்ஸுக்கும் இடையே இழுபறி நடந்து, 1748-ல் பிரித்தார்கள். இன்று ஆல்ட்செனாவ் பவேரியாவிலும் ஃப்ரைகெரிஷ்ட் என்ற ஊராட்சி ஹெஸ்ஸே மாநிலத்திலும் இருப்பதற்கு வேர் அந்தப் பாகப்பிரிவினைதான்.

குடிமக்களுக்கு இதில் லாபமா நஷ்டமா? வரலாற்று நூல்கள் பலவும் இந்தக் கூட்டாட்சிகளைக் கோமாளித்தனம் என்று ஒரு வரியில் தள்ளிவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. எஜமானர்களுக்கு இது தலைவலி, சந்தேகமில்லை. ஆனால் புது வரி போடுவதானாலும் படைக்கு ஆள் பிடிப்பதானாலும் பங்காளியின் சம்மதம் வேண்டும் என்ற நிலை, குடியானவனுக்கு ஒரு சின்ன மூச்சுவிடும் இடம். ஒருவர் அடித்தால் மற்றவரிடம் ஓடலாம்.

நூரம்பெர்குக்கு அடுத்த ஃப்யூர்த் ஊர் இந்த இடுக்கில்தான் வளர்ந்தது. அங்கே மூன்று பேர்: பாம்பெர்க் பேராலயத்தின் தலைமைக் குரு, ஆன்ஸ்பாக் கோமகன், நூரம்பெர்க் நகரம். மூவரும் ஒருவரையொருவர் முடிந்தவரை மறித்தார்கள். நூரம்பெர்க் 1499-ல் யூதர்களை வெளியேற்றியது. 1528-ல் ஆன்ஸ்பாக் கோமகன் கெயோர்க், பாதுகாப்புக் கட்டணம் வாங்கிக்கொண்டு, இரண்டு யூதர்களை ஃப்யூர்த்தில் குடியேற அனுமதித்தார். நூரம்பெர்குக்குப் பிடிக்கவில்லை, தடுக்கவும் முடியவில்லை. அந்த வருமானத்தைப் பார்த்து பாம்பெர்க் தரப்பும் தன் வீடுகளில் யூதர்களை அமர்த்தியது. ஹீப்ரு அச்சகங்கள் வந்தன, 'ஃபிராங்கோனிய ஜெருசலேம்' என்று பெயர் வாங்கும் அளவுக்குச் சமூகம் பெருகியது. நூரம்பெர்கின் கடுமையான கைத்தொழில் விதிகள் இங்கே செல்லாததால் கண்ணாடி செய்பவர்களும் தங்கத் தகடு அடிப்பவர்களும் இங்கே கடை போட்டார்கள். ஊர்ச் சின்னத்தில் இருக்கும் மூவிலைக் குளோவருக்கு மூன்று எஜமானர்களைக் காரணம் காட்டுவது ஊர்க்காரர்களின் வழக்கம். 1792-ல் பிரஷ்யா வந்து ஒரே எஜமானராக உட்கார்ந்ததும் அந்தக் காலம் முடிந்தது.

எல்லா இடத்திலும் இழுபறி என்றும் சொல்ல முடியாது. ஹாம்பர்கும் லூபெக்கும் பிரபுக் குடும்பங்கள் அல்ல, நகரங்கள். வணிகர்களுக்கே உரிய ஒழுங்கோடு பெர்கடோர்ஃபை நடத்தினார்கள். 1420-ல் சேர்ந்து போய் ஒரு கோமகனிடமிருந்து பிடுங்கினார்கள், அதிகாரியை முறை வைத்து அனுப்பினார்கள், முதலில் நாலு வருடத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு வருடத்துக்கு ஒருமுறை. 1867-ல் ஹாம்பர்க் 2,00,000 தாலர் கொடுத்து லூபெக்கின் பாகத்தை வாங்கிக்கொண்டது. 447 வருடக் கூட்டு, கடைசியில் ஒரு கிரயப் பத்திரத்தோடு சரி.

மற்றவை எப்படி முடிந்தன என்றால், 18-ம் நூற்றாண்டில் கணக்கு வழக்கில் கெட்டிக்கார அமைச்சர்கள் வந்தார்கள். தெளிவான எல்லை, ஒரே வரிப் புத்தகம், ஒரே அதிகாரி என்று அவர்களுக்கு ஆசை. பாடனின் ஒரு கிளை 1771-ல் அற்றுப்போய் சொத்தெல்லாம் கார்ல் ஃப்ரீட்ரிஹ் என்ற சீர்திருத்த மனம் கொண்ட கோமகனிடம் சேர்ந்தது. ஐந்தே வருடத்தில் ஸ்போன்ஹைம் பிரிந்தது, ட்ரார்பாக் ஃபால்ட்ஸ் பக்கம், பிர்கன்ஃபெல்ட் பாடன் பக்கம். பவேரிய அரச வம்சத்தின் பூர்வீக ஊர் அடுத்தவன் பாகத்துக்குப் போனதைக் கவனித்தீர்களா? மிச்சமிருந்தவற்றில் பெரும்பாலானவற்றை நெப்போலியன் காலம் துடைத்தெடுத்தது. தப்பிப் பிழைத்தவையும் உண்டு. லிப்பேயும் பிரஷ்யாவும் சேர்ந்து வைத்திருந்த லிப்ஸ்டாட் 1850 வரை. பாடனும் ஹெஸ்ஸேயும் சேர்ந்து வைத்திருந்த க்யூர்ன்பாக் என்ற ஒயின் கிராமத்துக்கு 1904-ல்தான் ஒப்பந்தம் போட்டு முடிவு கட்டினார்கள். தொலைபேசியும் மோட்டார் காரும் வந்த பிறகும் அந்தக் கிராமத்துக்கு எஜமானர்கள் இருவர்.

இன்றைக்கும் அப்படி ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது, அதே மோசெல் ஆற்றில். ஜெர்மனிக்கும் லக்ஸம்பர்குக்கும் நடுவே ஓடும் இடத்தில் மோசெல், ஸாவர், ஊர் (Our) என்ற மூன்று ஆறுகளிலும் நடுக்கோடு எல்லை கிடையாது. 1816-ல் பிரஷ்ய அரசரும், லக்ஸம்பர்கையும் சேர்த்து ஆண்ட நெதர்லாந்து அரசரும் செய்த ஏற்பாட்டின்படி, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை தண்ணீர் இருவருக்கும் பொது. அந்த நெதர்லாந்து அரசர் நாஸாவ் குடும்பத்தவர், அடுத்த வீட்டுப் பிரபுக்களோடு ஊர்களைப் பங்குபோட்டு ஆண்டு பழக்கப்பட்ட குடும்பம். 1985 ஜூன் 14 அன்று ஐரோப்பிய எல்லைச் சோதனைகளை நீக்கும் ஒப்பந்தத்தில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்டது, ஷெங்கன் கிராமத்தின் முன்னால் அந்தப் பொதுத் தண்ணீரில் நின்ற ஒரு கப்பலில்.